முகூர்த்தத்துக்கு முன் ஒரு பட்டியல்

35 மி.மீ. பிலிம் சுருளில் பெரும்பாலும் 36 படங்கள்தாம். படக்காரர் எண்ணியே எடுத்தார். இன்று அக்கட்டுப்பாடு இல்லை. எனினும் என் அக்காள் திருமணத்தின் ஆயிரம் படங்களுள் ஒன்றில்கூட எங்கள் அப்பாயி இல்லை. என் படிப்புக்காக ஆடு விற்றவர். கணவரை இழந்தவர் என்பதால் மேடையேறாமல் சமையற்கட்டிலேயே இருந்துவிட்டார்.

தாலிகட்டு சில நொடிகளே. அட்சதைக் கைகள் முகங்களை மறைக்கும். ஆகவே படக்காரர் முன்னதாகவே மேடையேறி, மணமக்கள் எதிரில் நிற்றல் நலம். முடிச்சிடும் நாத்தனாரையும் அவருக்கு முன்பே காட்டிவிடுக. குடும்பப் படங்களைப் பந்திக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உண்டதும் உறவினர் பேருந்துக்கு விரைவர்.

முதியோர் பட்டியலுடன் வீட்டார் ஒருவர் படக்காரருடனேயே இருக்கட்டும். வெளியூர்க்காரருக்கு அப்பாயி யாரென எப்படித் தெரியும்?

தை மாதம் சித்தப்பா மகள் திருமணம். பட்டியலை எழுதிவிட்டேன். முதற்படம்: அப்பாயியுடன் மணமக்கள். இடம்: சமையற்கட்டு.