காதுக்கு நிபந்தனை, கண்ணுக்கு இல்லை

சிலாபத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம் இரணவில. அங்கே ‘வொய்ஸ் ஒப் அமெரிக்கா’வின் மறுஒலிபரப்பு நிலையம் வரப்போகிறது என்ற செய்தி 1980களில் டில்லியின் தூக்கத்தைக் கெடுத்தது. கோபுரங்கள் ஒலிபரப்பவா, ஒட்டுக்கேட்கவா? 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தோடு இந்த விவகாரமும் ஏறியது. வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாதபடி ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படும் என்றார்கள். பெயர் சொல்லவில்லை, யாரைக் குறித்தது என்பது ஊரறிந்தது. 1990களில் மீனவக் குடும்பங்களும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்த்து நின்றார்கள். ஆனாலும் நிலையம் வந்தது. 2016இல் மூடப்பட்டது. 2020இல் அதே வளாகம் கொரோனா வைத்தியசாலையானது.

காதுக்கே இத்தனை அமளி. கண்ணுக்கு?

அந்தக் கடிதங்களுக்கு எட்டு மாதம் முன்பு, 1986 டிசம்பர் 3 அன்று, ஐ.நா. பொதுச்சபை, விண்ணிலிருந்து செய்மதிகள் பூமியைப் படம்பிடிப்பது பற்றிய தொலையுணர்வுக் கோட்பாடுகளை ஏற்றது. எங்கள் மண்ணைப் படம்பிடிக்குமுன் எங்களைக் கேளுங்கள் என்று வளர்முக நாடுகள் வாதாடிப் பார்த்தன, எடுபடவில்லை. படம்பிடிக்கப்பட்ட நாடு நியாயமான விலைக்கு அந்தப் படத்தைப் பெறலாம், அவ்வளவுதான். அதுகூட இயற்கை வளம், நிலப்பயன்பாடு, சுற்றாடல் சார்ந்த படங்களுக்குத்தான். இராணுவக் கண் அந்த வரையறைக்குள் வரவேயில்லை.

1988இல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ செய்மதிக்கு 36 மீற்றருக்குக் குறைந்த எதுவும் தனியாகப் புலப்படாது. புத்தளத்து உப்பளங்கள் தெரியும், படகு தெரியாது. 2019 நவம்பரில் போன கார்ட்டோசாட் 3க்கு 25 சென்ரிமீற்றர் போதும். கரையில் ஏற்றிவைத்த படகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனக் கடனில் எழுந்த 900 மெகாவாற் நிலையம் அது. படம் எடுத்த நாளும் நேரமும் தெரிந்தால் சூரியன் நின்ற கோணம் தெரியும். புகைபோக்கியின் நிழலை அளந்து அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம். இரு கோணங்களில் எடுத்த படங்கள் கிடைத்தால் முற்றத்தில் குவிந்த நிலக்கரியின் கன அளவும் கணக்காகிவிடும். எத்தனை நாளுக்கு மின்சாரம் இருக்கும் என்பது போர்க்காலத்தில் சின்னத் தகவலா?

மழை மேகம் மறைத்தால் ராடார் செய்மதி இருக்கிறது. இரவிலும் பார்க்கும். இரும்புக் கப்பல் அதில் பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும். கற்பிட்டி மீனவரின் பைபர் படகு ராடார் அலையைப் பெரிதாகத் திருப்பி அனுப்பாது. கடற்படைக் கலம் அகப்படும், மீன்பிடிப் படகு பெரும்பாலும் தப்பும். ஏழைக்கு இப்படியும் ஒரு சலுகை!

இனி அக்கரை விஷயம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட் இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போகவேண்டும். அதில் எரிபொருள் வீணாகி, சுமக்கும் எடை குறைகிறது. அந்த வளைவைத் தவிர்க்கவே மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எழுகிறது. 2024 பெப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். சிறிய செய்மதிகள் அங்கிருந்து நேரே தெற்கே போகும். ஏவும் நாட்களில் படகுகள் விலகியிருக்கவேண்டிய கடற்பகுதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். செய்மதி என்ன வேலைக்குப் போகிறது என்பதற்கு ஐ.நா. பதிவேட்டில் பொதுப்படையாக ஒரு வரி எழுதினால் போதும். கெமராவின் கூர்மையை அதில் சொல்லவேண்டியதில்லை.