காசுக்கு ஒரு கோர்ட், எடைக்கு ஒரு தீர்ப்பு!

லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குள் ஓசைப்படாமல் எட்டிப் பார்ப்போம், வாங்க! மேசையைச் சுற்றிப் பொற்கொல்லர் சங்கத்து ஜூரிகள். தலைமையில் ஒரு நீதிபதி, நீள விக்கு, அதன் மேலே முக்கோணத் தொப்பி வேறு. இத்தனை தடபுடலும் யாரை விசாரிக்க? காசை!

13ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் 'டிரையல் ஆஃப் தி பிக்ஸ்' இதுதான். நாணயச்சாலை அடித்த காசுகளின் மாதிரிகள் பொட்டலம் பொட்டலமாக வரும். ஜூரி பிரித்து எண்ணி, பொட்டலத்துக்கு ஒரு காசைச் செம்புக் கிண்ணத்தில் போடுவார்கள், மீதியெல்லாம் மரக்கிண்ணத்துக்கு. மரக்கிண்ணக் கூட்டம் மொத்தமாகத் தராசேறும். செம்புக் கிண்ணத்தில் விழுந்ததுதான் பாவம், தனியாகச் சோதனைக்குப் போகும். தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆகும். காசு தேறாவிட்டால் பதில் சொல்ல வேண்டிய 'மாஸ்டர் ஆஃப் தி மின்ட்' யார் தெரியுமா? பிரிட்டனின் நிதியமைச்சரேதான்!

இப்படி விசாரிக்கப்படும் காசுகளில் நமக்கு வேண்டியது தங்கச் சாவரின். நம்ம ஊர்ப் பவுனுக்குத் தாத்தா அல்லவா! அதன் எடை 7.98805 கிராம். அதென்ன அப்படி ஒரு எண்? 8 என்று வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

இந்த எண்ணுக்குப் பின்னால் ஐசக் நியூட்டன் நிற்கிறார். ஆப்பிள் நியூட்டனேதான்! 1699 முதல் அவர்தான் நாணயச்சாலைத் தலைவர். 1710 விசாரணையில் தங்கம் மாற்றுக் குறைவு என்று ஜூரி சொல்லிவிட, மனிதர் கொதித்துப் போனார். ஒப்பிடுவதற்கு 1707இல் செய்த தகடுதான் அளவுக்கு மீறிச் சுத்தம் என்று வாதாடினார். 1717இல் அவர் தந்த அறிக்கையை அடுத்து, ஒரு கின்னித் தங்கக்காசுக்கு 21 ஷில்லிங் என்று அரசு விலை கட்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள், தேன்! 40 டிராய் பவுண்டு 22 கேரட் தங்கத்தில் 1780 கின்னி அடித்தார்கள். 21ஆல் பெருக்கினால் 37,380 ஷில்லிங். 1817இல் வந்த சாவரினுக்கு மதிப்பு 20 ஷில்லிங். வகுத்தால் 1869 காசு, மீதியே இல்லை! அந்த 40 பவுண்டை, அதாவது 2,30,400 கிரெய்னை, 1869 பங்கு போட்டால் ஒன்றுக்கு 123.27447 கிரெய்ன். அதைக் கிராமில் சொன்னால் நம்ம 7.98805!

அவுன்ஸில் கேட்டால்தான் வேடிக்கை. சமையலறைத் தராசு 0.28 என்னும், அதன் அவுன்ஸ் 28.35 கிராம். தங்க வியாபாரியின் டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம், ஆகவே அவர் 0.2568 என்பார். காசில் கலந்த செம்பைக் கழித்துச் சுத்தத் தங்கத்தை மட்டும் எண்ணுகிறவர் சொல்வது 0.2354. மூவரும் சொல்வது ஒரே காசைத்தான். எந்த அவுன்ஸ், எந்தத் தங்கம் என்று கேட்காமல் பேரம் பேசாதீர்கள்.

புழக்கத்தில் தேயத் தேய 122.5 கிரெய்னுக்குக் கீழே போனால், 1870 சட்டப்படி அந்தச் சாவரின் செல்லாது. 0.05 கிராம் தேய்மானம்தான், ஆட்டம் முடிந்தது!

1918இல் பம்பாயிலும் சாவரினை அடித்தார்கள், 'ஐ' என்ற குட்டி ஆங்கில எழுத்தோடு. எடையில் மாற்றமில்லை. நகைக்கடையில் மட்டும் பவுன் என்றால் முழு 8 கிராம். நியூட்டனைவிட நம்ம அண்ணாச்சி 0.01195 கிராம் தாராளம்!