லண்டனில் பாட்டி வைத்தியம்!

லண்டனில் குடித்தனம். நான்கு வயதுக் குழந்தை இரவெல்லாம் லொக்கு லொக்கென்று இருமுகிறது. பொழுது விடிந்ததும் தாய் மருந்துக் கடைக்கு ஓடுகிறாள். கடைக்காரரோ, "ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்த மருந்து தருவதற்கில்லை, அம்மா!" என்று கையை விரித்துவிடுகிறார்.

கோபம் வருமா, வராதா? ஆனால் காரணம் இருக்கிறது. இருமலை அடக்கும் பல மருந்துகளால் சிறு குழந்தைகளுக்குப் பலன் உண்டென்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கெடுதலும் நேரலாம் என்று 2009-ல் பிரிட்டனில் இப்படித் தடுத்துவிட்டார்கள். "இளஞ்சூட்டு வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து கொடுங்கள்" என்கிறார் கடைக்காரர். அட, இது நம் பாட்டி சொன்னதல்லவா! (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.)

காய்ச்சலும் சேர்ந்துகொண்டால்? இங்கேதான் உஷார் வேண்டும், சகோதரிகளே! பெட்டியில் கொண்டுபோன குரோசினும் அங்கே வாங்கும் கால்பாலும் ஒன்றேதான், இரண்டும் பாராசிட்டமால். இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். நம் ஊர்ச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. அங்கே சிறு குழந்தைகளுக்கான மருந்திலோ 5 மில்லிக்குத்தான் 120 மில்லிகிராம். பழக்கதோஷத்தில் சொட்டு மருந்தை ஸ்பூனால் அளந்தால் ஆபத்து!

ஆகவே புட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் படியுங்கள். சந்தேகம் வந்தால் 111-க்கு டெலிபோன் செய்யலாம். குழந்தை மூச்சுவிடத் திணறினால் யோசனையே வேண்டாம், உடனே 999!