கணுக்காலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிட முடியுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஓமலூர்ல இருக்கிற எங்க சித்தப்பா பையன் கபடி ஆடும்போது கால் மடங்கி விழுந்துட்டான். சாயங்காலத்துக்குள்ள மூணு பேர் கணுக்காலைப் பிடிச்சுப் பார்த்தாச்சு. சுளுக்கு எடுக்கிற பெரியவர், "நரம்பு பிசகியிருக்கு கண்ணு"ன்னார். கோச், "வெறும் வீக்கம்தான்டா, ஐஸ் வை"ன்னார். சேலத்துல ஆஸ்டியோபதி படிச்ச ஒருத்தர், "டலஸ் எலும்பு முன்னாடி வந்து மாட்டிக்கிட்டிருக்கு"ன்னார். கால் ஒண்ணு, பதில் மூணு. இதுல எதை நம்புறது?

ஆஸ்டியோபதியை 1874-ல் அமெரிக்காவில் தொடங்கினவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். மூட்டைக் கையால் அசைத்துப் பார்த்து, எங்கே இறுகியிருக்குன்னு உணர்றது அதோட அடிப்படை. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு போர்டு தொங்குற புத்தூர் கட்டுக்காரங்களும் கையைத்தான் நம்புறாங்க. ஆனா ஒரு கை சொன்னதை இன்னொரு கையும் சொல்லுதா? கேள்வி அங்கதான்.

ரெண்டு பேர் கண்ணை மூடிக்கிட்டு காசு சுண்டினாலே பாதித் தடவை ஒரே பதில் வரும். அதனால "நாங்க நூத்துக்கு அறுபது தடவை ஒத்துப்போனோம்"னு சொன்னா அது பெரிய விஷயமே இல்லை. இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-ல் 'கப்பா'ன்னு ஒரு எண்ணைக் கொடுத்தார். 1 வந்தா முழு ஒற்றுமை. 0 வந்தா காசு சுண்டினதுக்குச் சமம். "இந்த மூட்டு இறுகியிருக்கா?"ன்னு விரலால் தேடுற சோதனைகளை, பெரும்பாலும் முதுகெலும்பில், இப்படி அளந்து பார்த்திருக்காங்க. பல ஆய்வுகள்ல கப்பா பூஜ்யத்தை ஒட்டியேதான் நிக்குது. அதே விரலால் அழுத்தி "வலிக்குதா?"ன்னு கேட்டா ஒற்றுமை கூடுது. ஏன்னா அங்க பதில் சொல்றது பார்க்கிறவர் விரல் இல்லை, வலிக்கிறவர் வாய்.

இதை வைத்தே கட்டினதுதான் ஒட்டாவா விதி. கனடாவில் இயன் ஸ்டீல் குழு 1992-ல் வெளியிட்டது. கணுக்காலின் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டிருக்கிற எலும்போட நுனியையும், அதிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின் விளிம்பையும் அழுத்திப் பார்க்கணும். வலிச்சா எக்ஸ்ரே. அடிபட்ட உடனேயும் சரி, டாக்டர்கிட்ட வந்தப்பவும் சரி, நாலு அடி வைக்க முடியலைன்னாலும் எக்ஸ்ரே. நொண்டி வச்சாலும் அது அடிதான். பாதத்துல வலி இருந்தா அழுத்திப் பார்க்க இன்னும் ரெண்டு இடம் இருக்கு. 2003-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, இந்த விதி 'எக்ஸ்ரே வேணாம்'னு சொன்னவங்கள்ல உண்மையிலேயே முறிவு இருந்தவங்க 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனா இது 'முறிவு இல்லை'ன்னு சொல்லத்தான் கெட்டி. எக்ஸ்ரே எடுன்னு சொன்ன பலருக்கு எலும்பு நல்லாவே இருக்கும். இன்னொண்ணு, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவங்ககிட்ட வலியைக் கேட்கிற சோதனை ஏமாத்திடும். அவங்களுக்கு நேரா எக்ஸ்ரேதான் நல்லது.

நம்ம பையன் நொண்டிக்கிட்டே நாலு அடி வச்சான், எலும்புலயும் வலி இல்லை. எக்ஸ்ரே வேணாம்னு ஆச்சு. அப்போ லிகமெண்ட் கிழிஞ்சிருக்கா? அதுக்கு ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே எலும்பைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால் குதிகாலை முன்னாடி இழுத்துப் பார்ப்பாங்க. நெதர்லாந்தில் வான் டைக் குழு 160 பேரைப் பரிசோதிச்சு 1996-ல் எழுதினது இது: அடிபட்ட ரெண்டு நாளுக்குள்ள கையால் பார்த்தா, கிழியாத கால்களை 'கிழியலை'ன்னு சரியா சொன்னது 33 சதவீதம்தான். நாலஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா 84. கிழிஞ்சதைக் கண்டுபிடிக்கிறதும் 71-லிருந்து 96 ஆச்சு. வீக்கமும் வலியும் இருக்கிறப்ப தசை தானா இறுகிக்கும், இழுத்தாலும் ஒண்ணும் தெரியாது. முதல் நாளே ஆளாளுக்கு அடிச்சுச் சொன்னதோட மதிப்பு அவ்வளவுதான்.

இறுக்கத்தைப் பார்க்கிறதுக்கும் நல்ல வழி இருக்கு. சுவரைப் பார்த்து நின்னு, குதிகால் தூக்காம முழங்காலால் சுவரைத் தொடணும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவுல எவ்வளவு தூரம் வரைக்கும் தொட முடியுதுன்னு ஸ்கேலால் அளக்கணும். யார் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். ஸ்கேலுக்கு அபிப்பிராயம் கிடையாதில்ல!

அஞ்சாவது நாள் டாக்டர் குதிகாலை இழுத்துப் பார்த்தார். அப்புறம் நல்ல காலையும் இழுத்துப் பார்த்தார். முதல் மூணு பேரும் அதைச் செய்யவே இல்லைன்னான் பையன். அடிபட்ட கால் கொஞ்சம் கூடுதலாவே முன்னாடி வந்தது. இப்போ பிரேஸ் போட்டுக்கிட்டு, தினமும் காலையில ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே பல் விளக்குறான். கபடிக்கு எப்பப் போலாம்னுதான் நச்சரிப்பு.