பொறியியற்பீட முதலாண்டும் வீட்டின் மௌனமும்

சென்ற ஆண்டு நவம்பர் மாத இரவொன்றில், ஸ்காபரோவில் வசிக்கும் அன்பர் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்குப் பொறியியற் பீடத்தில் அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில், ஓகஸ்டில் உறவினர்க்கெல்லாம் விருந்து வைத்தவர் அவர். அன்று அவருடைய குரல் தளர்ந்திருந்தது. “சேர், பெடியன் ரெண்டு கிழமையாய் ஒழுங்காய்ச் சாப்பிடுறானில்லை. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறான். நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ” என்றார்.

மறுநாள் அப்பிள்ளையைச் சந்தித்தோம். நுண்கணிதத்தின் இடைப்பரீட்சையில் அவனுக்கு 100க்கு 38 புள்ளி. பள்ளியில் 95க்குக் கீழே கண்டறியாதவன். புள்ளி வந்த நாள் முதல் விரிவுரைகளுக்குச் செல்வதையே நிறுத்திவிட்டான். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவான். மாலைவரை நூலகத்தின் ஒரு மூலையில் இருந்துவிட்டு வீடு திரும்புவான். “அங்கிள், அப்பாவிட்டை மட்டும் சொல்லாதேங்கோ” என்பதே அவனது முதல் வேண்டுகோள்.

தாயகத்தை விட்டு வெளியேறுமுன், பல்கலைக்கழகமொன்றில் முதலாண்டு மாணவர்க்குக் கணிதம் கற்பித்தோர் நாம். ஆகையால் இத்தகைய முகம் எமக்குப் புதிதன்று. நாடு வேறு, மொழி வேறு. ஆனால் முதலாண்டின் முதல் அடி எங்கும் ஒன்றுதான்.

அந்த அடிக்குக் காரணங்கள் உண்டு. போட்டி மிகுந்த பொறியியற் பீடமொன்றில் அருகில் அமர்ந்திருப்போர் யாவரும் தத்தம் பள்ளியில் முதல்வராய் விளங்கியோர். அவர்களுள்ளும் பாதிப்பேர் வகுப்பின் நடுப்புள்ளிக்குக் கீழேதான் நின்றாக வேண்டும். இது எளிய கணக்கு. நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், நிலையியல், கணினி நிரலாக்கம் என ஐந்து, ஆறு பாடங்கள் ஒரே தவணையில் ஓடுகின்றன. பள்ளியில் கரும்பலகையில் செய்து காட்டிய கணக்கின் சாயலிலேயே பரீட்சை வினா வரும். இங்கோ, கற்ற விதியைக் கண்டறியாத வினாவொன்றில் தானே பொருத்தவேண்டும். மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் இருக்கையில், வராதவன் யார் என்று பேராசிரியர் தேடுவதில்லை.

இவற்றோடு எம்மவர் பிள்ளைகள் இன்னொரு சுமையையும் சுமக்கின்றனர். அது வரலாற்றின் சுமை. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவர்க்கு 400க்கு 227 புள்ளியும், தமிழ் மொழி மாணவர்க்கு 250 புள்ளியும் எல்லையாயின. 240 பெற்ற தமிழ் மாணவர் வெளியே நின்றார். 230 பெற்ற சிங்கள மாணவர் உள்ளே சென்றார். அந்தத் தலைமுறைக்குப் பொறியியல் என்பது வெறும் படிப்பன்று, பறிக்கப்பட்ட உரிமை. எமது அன்பரோ 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரத்துக்குப் படித்தவர். இடப்பெயர்வோடு அவர் படிப்பும் நின்றது. பிள்ளையின் அனுமதிக் கடிதத்தில் இத்தகைய பெற்றோர் தம் கடிதத்தையும் சேர்த்தே வாசிக்கின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் 38 என்ற புள்ளியை அத்தகைய வீட்டில் எந்தப் பிள்ளை வாய்திறந்து சொல்லும்?

கனடாவில் பொறியியற் பட்டதாரிகள் பலர் சின்னவிரலில் இரும்பு மோதிரமொன்று அணிவதை வாசகர் கண்டிருப்பர். 1925 முதல் நடைபெறும் சடங்கு அது. விழுந்துபோன பாலத்தின் இரும்பில் அம்மோதிரம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுவது உண்மையன்று; ஆனால் அப்பாலத்தின் கதை உண்மை. 1907 ஓகஸ்ட் 29இல், கியூபெக் நகருக்கு அண்மையில் கட்டப்பட்டுவந்த பாலம் ஆற்றில் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டியவர்கள், பாலத்தின் நிறையை உரிய காலத்தில் மீளக் கணிக்கவில்லை. கீழ் உறுப்புகள் வளைவது சில வாரங்களுக்கு முன்னரே கண்ணுக்குத் தெரிந்தது. அவை முன்பே வளைந்திருந்தவைதாம் என்று சிலர் வாதிட்டனர். வேலை நிற்கவில்லை.

இக்கதையைத்தான் அப்பிள்ளைக்குச் சொன்னோம். வளைவு தெரிந்த நாளிலேயே அதைச் சொல்வதுதான் பொறியியலாளனின் முதற் கடமை என்றோம். பாடமொன்றைத் தண்டனையின்றி விலக்கிக்கொள்வதற்கான கெடு முடிய நான்கு நாட்களே இருந்தன. அன்றிரவே தந்தையிடம் சொன்னான். நாமும் உடனிருந்தோம். நெடுநேரம் பேசாதிருந்த தந்தை, “விளக்கில படிச்சனான் எண்டு சொல்லிச் சொல்லியே உன்னைப் பயப்படுத்திப்போட்டன்” என்றார்.

ஒரு பாடத்தை விலக்கிக் கோடையில் படிக்க முடிவாயிற்று. பயிற்சி வகுப்புகளுக்குத் தவறாது சென்றான். பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் கதவைத் தட்டப் பழகினான். நுண்கணிதத்தில் 61 புள்ளியுடன் தேறினான். பெரிய புள்ளியன்று, ஆனால் அவன் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறான்.

பெற்றோரே, ஒக்ரோபர் பிறந்ததும் “எத்தனை புள்ளி?” என்று கேளாதீர்கள். “எது விளங்கவில்லை?” என்று கேளுங்கள். விலக்கற் கெடு எந்நாள் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இடைப்பரீட்சையின் புள்ளி இறுதித் தீர்ப்பன்று; இன்னும் திருத்தக்கூடிய கணக்கு.

அகதிக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காத குடும்பங்களுக்கும் ஒரு சொல். ஒன்ராறியோவில் ஓசாப் எனும் மாணவர் நிதியுதவி, அகதி நிலை ஏற்கப்பட்டோர்க்கு உண்டு; முடிவுக்குக் காத்திருப்போர்க்கு இல்லை. உங்கள் பிள்ளை ஓராண்டு பிந்தித் தொடங்க நேர்ந்தால், அதைத் தோல்வி என்று வீட்டில் எவரும் சொல்லவேண்டாம். தவணைகள் மீண்டும் வரும். மௌனத்தில் உடைந்த பிள்ளையை மீட்பதுதான் கடினம்.