கம்பளி கார்பெட்டில் டோனர் கொட்டிவிட்டதா?

லேசர் பிரிண்டரில் கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது கருப்புத் தூள் சிந்துவது சகஜம். நம் ஊர் மொசைக் தரையில் துடைத்துவிடலாம். வேலைக்காக இங்கிலாந்து சென்று, சுவருக்குச் சுவர் கம்பளி கார்பெட் பொருத்திய வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கோ, வீட்டு அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்ற கவலை வந்துவிடும். அந்த கார்பெட்டைக் கழற்றித் துவைக்க முடியாது.

டோனர் என்பது மை அல்ல. மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் சூட்டில் உருகித்தான் காகிதத்தில் ஒட்டுகிறது. ஆகவே வெந்நீர், ஸ்டீம் கிளீனர் இரண்டும் கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். தூள் அதன் ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பரவும்.

செய்ய வேண்டியவை:

1. மின்விசிறியை நிறுத்தவும். தூளைக் கெட்டி அட்டையால் மெதுவாக அள்ளவும்.

2. மிச்சத்தை டோனருக்கென்றே உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவும்.

3. குளிர்ந்த நீரில் கம்பளிக்கான திரவ சோப்பைச் சில துளிகள் கலந்து, மறைவான மூலையில் சோதிக்கவும். சாயம் போகவில்லை என்றால், வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுக்கவும். தேய்க்க வேண்டாம். தண்ணீரைக் கொட்டினால் அடியிலுள்ள சணல் பழுப்பேறும்.

4. மின்விசிறியில் உலர்த்தவும்.

கம்பளியும் நம் தலைமுடி போலப் புரதம்தான். பிளீச் அதைக் கரைத்துவிடும்; என்சைம் கலந்த சலவைத்தூள் அரித்துவிடும்.

இங்கிலாந்தில் 2019-ல் வந்த சட்டப்படி, தொழில்முறை கிளீனிங்குக்குப் பணம் கட்டச் சொல்லி உரிமையாளர் வற்புறுத்த முடியாது. ஆனால் நீங்கள் ஏற்படுத்திய சேதத்துக்கு அட்வான்ஸில் பிடித்தம் செய்யலாம். எனவே குடியேறும் நாளிலேயே கார்பெட்டை டிஜிட்டல் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.