மூல நிரலும் அதன் இருப்பிடமும்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சார்ந்த கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்தது. நூற்படிகள் பல இடங்களில் தங்கும். அத்தகைய சொற்றொகுதியைத் தேடித்தரும் கணினி நிரலை இணையத்தில் எங்கு வைப்பது?

2006-இல் தோன்றிய கூகுள் கோடு 2016-இல் மூடப்பட்டது; பெருநிறுவன நிழலும் நிலையன்று. 2008-இல் தோன்றிய கிட்ஹப், பலர் கூடும் சந்தை. திருத்துவோர் எளிதிற் கிட்டுவர். ஆயின் அது 2018 முதல் மைக்ரோசாஃப்டின் உடைமை. கிட்லேபின் சமுதாயப் பதிப்பையோ பல்கலைக்கழகமே தன் கணினியில் நிறுவலாம். அதைப் பேணும் ஆள் வேண்டும்.

கிட் முறையில் முழுப்படி எடுத்தோரிடமெல்லாம் நிரலின் வரலாறும் இருக்கும். தளம் மறையினும் நிரல் பிழைக்கும். பிழைக்குறிப்புகளின் நிலை வேறு. அவை தளத்திலேயே கிடப்பன. ‘இச்சொல்லுக்கு விளாத்திகுளத்தார் வேறு பொருள் கொள்வர்’ என ஒருவர் எழுதும் திருத்தம், எமக்கு நிரலினும் அரியது. ஆதலின் கிட்ஹப்பில் வைத்து, அக்குறிப்புகளையும் நிரலோடு கோப்பாகச் சேர்த்து, முழுப்படியொன்றைத் துறைக் கணினியில் காத்தலே தக்கதென யாம் கருதுகிறோம்.